ஹைதராபாத் காற்று: ஏக்யூஐ ஒரே எண்தான், சாலைப் புகை யாருக்கு அதிகம்?

காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் மொபைலில் ஏக்யூஐ, அதாவது காற்றுத் தரக் குறியீடு பார்ப்பது பலருக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் தமிழர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் வரும் பதில், "டெல்லி அளவுக்கு மோசம் இல்லையே" என்பதுதான். அது உண்மையும்கூட. ஆண்டு சராசரியை எடுத்துக்கொண்டால் ஹைதராபாத் டெல்லிக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் அந்த எண் யாருடைய காற்றைச் சொல்கிறது?

மாதாப்பூரில் ஜன்னல் மூடிய ஏசி அறையில் இருப்பவருக்கும், பஞ்சகுட்டா சந்திப்பில் எட்டு மணி நேரம் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கும் ஆப் காட்டுவது ஏறக்குறைய ஒரே எண். இருவரின் நுரையீரலுக்குள் போவது ஒன்று அல்ல. இந்த வித்தியாசம் எவ்வளவு, அதை நம்மால் ஏன் சரியாகச் சொல்ல முடியவில்லை, சொல்ல முடியாததால் என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

சாலையிலிருந்து எத்தனை மீட்டர்?

வாகனப் புகை நகரம் முழுக்கச் சீராகப் பரவுவதில்லை. சாலையின் விளிம்பில் உச்சத்தில் இருந்து, விலக விலக வேகமாகக் குறைகிறது. அமெரிக்காவின் ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட் 2010-ல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு, பெரிய சாலைகளிலிருந்து 300 முதல் 500 மீட்டர் வரையிலான பகுதியைத்தான் வாகனப் புகையால் அதிகம் பாதிக்கப்படும் மண்டலம் என்றது. லாஸ் ஏஞ்சலிஸ் நெடுஞ்சாலைகளில் 2002-ல் செய்த அளவீடுகளில், மிக நுண்ணிய துகள்களின் எண்ணிக்கை 300 மீட்டர் தாண்டியதும் ஊரின் பொதுவான அளவோடு கலந்துவிட்டது.

இங்கே ஒரு டெக்னிக்கல் விஷயத்தைப் புரிந்துகொள்வது நல்லது. நாம் அதிகம் கேள்விப்படும் பிஎம் 2.5 நீண்ட தூரம் பயணிக்கக்கூடிய துகள். பக்கத்து மாவட்டத்தில் எரித்த குப்பை, தொழிற்சாலைப் புகை, காற்றிலேயே வேதிமாற்றத்தில் உருவானது எல்லாம் அதில் கலந்திருக்கும். அதனால் சாலையோரத்துக்கும் உள்தெருவுக்கும் பிஎம் 2.5 வித்தியாசம் ஓரளவுதான் இருக்கும். டீசல் புகையில் வரும் கருங்கரி, நைட்ரஜன் டை ஆக்சைடு, மிக நுண்ணிய துகள்கள் ஆகிய மூன்றும்தான் சாலையை ஒட்டிச் செங்குத்தாக ஏறி இறங்குபவை.

டெல்லியில் ஓடும் ஆட்டோவுக்குள்ளேயே கருவி வைத்து அளந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. நகரின் பொது அளவைவிட ஆட்டோவுக்குள் பிஎம் 2.5 ஒன்றரை மடங்கு. கருங்கரி மூன்றரை மடங்குக்கும் மேல். மிக நுண்ணிய துகள்களோ எட்டு மடங்கைத் தாண்டின. பிஎம் 2.5-ஐ மட்டும் பார்த்தால் "கொஞ்சம் அதிகம், அவ்வளவுதானே" என்று தோன்றும். அது ஆட்டோ ஓட்டுநருக்கு நடப்பதைப் பெருமளவு மறைத்துவிடும்.

உடலுக்கு இது என்ன செய்யும்? அதே நிறுவனம் 2022-ல் உலகெங்கும் வெளியான 353 ஆய்வுகளை அலசியது. வாகனப் புகையில் நீண்டகாலம் இருப்பதற்கும் இதய நோய், நுரையீரல் புற்றுநோய் மரணங்களுக்கும், குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் புதிதாக ஆஸ்துமா வருவதற்கும் உள்ள தொடர்புக்கு வலுவான ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செய்யப்பட்டவை. சாலையோரத்திலேயே சமைத்து, விற்று, சாப்பிட்டு, தூங்கும் மக்கள் இருக்கும் நகரங்களிலிருந்து மிகக் குறைவு.

14 நிலையங்கள் எங்கே இருக்கின்றன?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் ஹைதராபாத் என்று தேடினால், தொடர்ச்சியாக அளக்கும் தானியங்கி நிலையங்களாக முதலில் இருந்தவை ஆறு: சனத்நகர், ஜூ பார்க், மத்தியப் பல்கலைக்கழகம், பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட், பொல்லாரம், பாஷமைலாரம். கடைசி மூன்றும் பட்டன்செரு தொழிற்பேட்டைப் பக்கம். சனத்நகரும் தொழிற்பேட்டைதான். பல்கலைக்கழகமோ ஏரியும் மரங்களும் நிறைந்த பரந்த வளாகம்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டன்செரு தொழிற்சாலைக் கழிவு பல பத்தாண்டுகளாக நீதிமன்றம் வரை போன பிரச்சினை. அதைக் கண்காணிக்க வேண்டிய தேவை இருந்தது. ஆனால் வாகனப் புகையை அளக்க யாராவது இடம் தேர்ந்தெடுத்திருந்தால் பட்டியல் இப்படி இருந்திருக்காது.

பின்னர் எட்டு நிலையங்கள் சேர்ந்தன: கோம்பள்ளி, நாச்சாரம், ராமச்சந்திராபுரம், சோமாஜிகுடா, ஈசிஐஎல் காப்ரா, கோகாபேட், நியூ மலக்பேட், கந்தியில் உள்ள ஐஐடி வளாகம். சோமாஜிகுடாவும் மலக்பேட்டும் வந்தது நல்ல விஷயம். ஆனால் கந்தி இருப்பது சங்காரெட்டி மாவட்டத்தில். ஆக மொத்தம் 14. பழைய மாநகராட்சி எல்லையை மட்டும் எடுத்தாலே பரப்பு சுமார் 650 சதுர கி.மீ., 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே இருந்தவர்கள் 67 லட்சம் பேர்.

இவை தவிர கையால் இயக்கும் நிலையங்கள் தனி. பாரடைஸ், சார்மினார், பஞ்சகுட்டா என நெரிசலுக்குப் பேர்போன இடங்கள் இந்த வகையில்தான் வருகின்றன. தேசியத் திட்ட விதிப்படி அங்கே வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் மாதிரி எடுப்பார்கள். கிடைப்பது 24 மணி நேரச் சராசரி. மாலை ஏழு மணிக்கு பாரடைஸ் சந்திப்பில் என்ன இருந்தது என்று அதிலிருந்து தெரியாது. நாள்தோறும் வெளியாகும் ஏக்யூஐ அறிக்கையிலும் அது சேராது. இந்த எக்செல் கோப்புகளோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்: அதிக நெரிசல் உள்ள இடத்தில்தான் டேட்டா குறைவு.

இன்னொரு மூலமும் இருந்தது. அமெரிக்கத் துணைத் தூதரகம் பல ஆண்டுகள் பிஎம் 2.5 அளவை மணிக்கு மணி வெளியிட்டு வந்தது. 2025 மார்ச்சில் உலகம் முழுக்க அந்தச் சேவையை அமெரிக்கா நிறுத்திவிட்டது.

நெருக்கமாக அளந்தால் என்ன தெரியும் என்பதற்கு ஹைதராபாத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. ஐஐஐடி ஹைதராபாத் ஆய்வாளர்கள் கச்சிபவுலி பகுதியில் சுமார் 4 சதுர கி.மீ. பரப்புக்குள் ஏறக்குறைய 50 விலை மலிவான கருவிகளைப் பொருத்தினார்கள். ஒரே பேட்டைக்குள்ளேயே இடத்துக்கு இடம், மணிக்கு மணி அளவு மாறுவதை அந்த வலைப்பின்னல் காட்டியது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் கவனியுங்கள், நகரத்திலேயே நெருக்கமாக அளக்கப்பட்ட இடங்களில் ஒன்று ஐடி நிறுவனங்களும் கேட்டட் அபார்ட்மெண்ட்களும் நிறைந்த கச்சிபவுலி. அஃப்சல்கஞ்சிலோ மலக்பேட் சந்தையிலோ அப்படி 50 கருவி இருந்தால் என்ன தெரிந்திருக்கும்?

பஞ்சகுட்டாவில் 2005-ல் கிடைத்த பதில்

உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2005-ல் ஹைதராபாத்தில் ஓர் ஆய்வு நடந்தது. பஞ்சகுட்டா, சிக்கட்பள்ளி, மத்தியப் பல்கலைக்கழகம் என மூன்று இடங்களில் மூன்று பருவங்களிலும் 180 மாதிரிகள் எடுத்து, காற்றில் இருக்கும் துகள் எங்கிருந்து வருகிறது என்று வேதிப் பகுப்பாய்வு செய்தார்கள். பெரிய துகளான பிஎம் 10-ல் 60 சதவீதத்துக்கும் மேல் வாகனப் புகையும் சாலைப் புழுதியும்தான். பிஎம் 2.5-ல் வாகனப் புகையோடு நிலக்கரி, குப்பை எரிப்பு, காற்றில் உருவாகும் துகள்கள் எல்லாம் கலந்திருந்தன.

இருபது வருடப் பழைய ஆய்வு. இடையில் பிஎஸ்-6 எரிபொருளும் என்ஜின்களும் 2020 ஏப்ரலில் வந்துவிட்டன. 69 கி.மீ. மெட்ரோ வந்துவிட்டது. அதனால் அந்தச் சதவீதத்தை அப்படியே இன்றைக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் "வாகனப் புகையும் சாலைப் புழுதியும்" என்ற ஜோடி முக்கியம். டயர் தேய்வது, பிரேக் தேய்வது, சாலையில் படிந்த மண்ணை வண்டி மறுபடி கிளப்பிவிடுவது இதெல்லாம் என்ஜின் எவ்வளவு சுத்தமானாலும் நிற்காது. எலெக்ட்ரிக் காரும் புழுதி கிளப்பும்.

முகவரியா, மணிநேரமா?

"ஏழைகள் சாலையோரம் வசிக்கிறார்கள், அதனால் அதிகப் புகையைச் சுவாசிக்கிறார்கள்" என்பதுதான் உலகெங்கும் சொல்லப்படும் எளிய விளக்கம். அமெரிக்க நகரங்களுக்கு இது பெருமளவு பொருந்தும். அங்கே நெடுஞ்சாலைகளைக் கறுப்பின மக்களின் குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போட்ட வரலாறு உண்டு.

இந்தியாவில் விஷயம் அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. மெயின் ரோட்டு மனைக்குத்தான் நம்மூரில் விலை அதிகம். குகட்பள்ளியிலோ எல்.பி. நகரிலோ பிரதான சாலையைப் பார்த்த கட்டடத்தில் வசிப்பவர் வசதியானவராக இருக்கலாம். குடிசைப் பகுதி அதற்குப் பின்னால் நாலா ஓரத்திலோ ரயில் பாதையை ஒட்டியோ இருக்கலாம். 2011 கணக்கெடுப்பில் ஹைதராபாத் மாநகராட்சியின் குடும்பங்களில் சுமார் 32 சதவீதம் குடிசைப் பகுதிகளில் இருந்தன. சென்னையில் இது சுமார் 29. இவர்களில் எத்தனை பேர் பெரிய சாலையிலிருந்து 100 மீட்டருக்குள் இருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் வரைபடமாக்க வேண்டும்.

நாடு முழுவதற்கும் 2021-ல் ஒரு மாவட்டவாரி ஆய்வு வந்தது. பட்டியல் சாதியினரும், சிறு குழந்தைகளும், கழிப்பறை இல்லாத வீடுகளும் அதிகமாக உள்ள மாவட்டங்களில் பிஎம் 2.5 அதிகம் என்று அது காட்டியது. முக்கியமான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒரே எண் கொடுத்தால் கங்கைச் சமவெளிக்கும் தக்காணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பெரிதாகத் தெரியும். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவே உள்ள வித்தியாசம் அதில் காணாமல் போய்விடும்.

என் கணிப்பில், ஹைதராபாத் மாதிரி நகரத்தில் ஏற்றத்தாழ்வை முடிவு செய்வது வீட்டு முகவரியைவிட இரண்டு விஷயங்கள்: சாலையில் எத்தனை மணி நேரம் இருக்கிறீர்கள், உங்களுக்கும் சாலைக்கும் நடுவே மூடக்கூடிய கண்ணாடி ஏதாவது இருக்கிறதா.

சின்னதாக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, எங்கும் அளந்தவை அல்ல. பக்கத்து நிலையம் அன்றைக்கு பிஎம் 2.5 அளவை ஒரு கனமீட்டருக்கு 45 மைக்ரோகிராம் என்று காட்டுகிறது. ஒருவர் ஏசி காரில் 2 மணி நேரம் பயணிக்கிறார், உள்ளே 40. மீதி 22 மணி நேரம் மூடிய ஆபீஸிலும் வீட்டிலும், அங்கே 30. அவருடைய நாள் சராசரி சுமார் 31. இன்னொருவர் அதே சாலையோரத்தில் 12 மணி நேரம் பழ வண்டி வைத்திருக்கிறார், அங்கே 90. மீதி 12 மணி நேரம் ஜன்னல் மூட முடியாத வீட்டில், அங்கே 50. அவருக்குச் சராசரி 70.

இந்தியாவின் 24 மணி நேர வரம்பு 60. நிலையத்தின் கணக்கில் அன்றைக்கு ஊர் பாஸ். ஆப்பில் 'திருப்திகரம்' என்று பச்சை நிறத்தில் வரும். பழ வியாபாரி வரம்பைத் தாண்டியது எந்தப் பதிவேட்டிலும் வராது. உலக சுகாதார நிறுவனத்தின் 24 மணி நேர அளவான 15-ஐ எடுத்தால் இருவருமே ஃபெயில் என்பது வேறு கதை.

இது இன்னும் மூச்சின் அளவைச் சேர்க்காத கணக்கு. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுப்பார். வண்டி தள்ளும்போதும் மூட்டை தூக்கும்போதும் அது பல மடங்காகும். காற்றில் உள்ள அளவு ஒன்றாக இருந்தாலும் உள்ளே போகும் அளவு கூடும்.

கண்ணாடி எவ்வளவு காப்பாற்றும் என்பதற்கு அளந்த எண்ணே இருக்கிறது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் தலைமையில் பத்து நகரங்களில் காருக்குள் அளந்த ஆய்வு 2021-ல் வெளியானது. பத்தில் ஒன்று நம்ம சென்னை. ஜன்னலைத் திறந்து ஓட்டுவதோடு ஒப்பிட்டால், ஏசியில் உள்காற்றையே சுழலவிடும் பட்டனைப் போட்டால் பிஎம் 2.5 சுமார் 80 சதவீதம் குறைந்தது. அந்தப் பட்டன் பைக்கில் கிடையாது. ஆட்டோவிலும் பழைய ஆர்டிசி பஸ்ஸிலும் கிடையாது.

இதில் இருக்கும் முரணையும் சொல்லிவிடலாம். பஸ்ஸிலிருந்து பைக்குக்கும், பைக்கிலிருந்து காருக்கும் மாறும் ஒவ்வொருவரும் தன் மூச்சைக் காப்பாற்றிக்கொள்கிறார். அவர் ஓட்டும் வண்டியின் புகை கண்ணாடி இல்லாதவர்களின் பக்கம் போகிறது.

விடியற்காலை பெருக்குபவர்கள்

நேரமும் ஒரு காரணி. ஹைதராபாத் கடலிலிருந்து தள்ளி, தக்காண மேட்டில் 500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்து ஓரளவு துடைத்துவிடும். இங்கே அந்த வசதி இல்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் தரை குளிர்ந்து, மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் நின்றுவிடும். புகையும் புழுதியும் சில நூறு அடி உயரத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும். வெயில் ஏறிய பிறகுதான் அந்த மூடி திறக்கும்.

அந்த மூடிய வேளையில் சாலையில் இருப்பவர்கள் யார்? கையில் துடைப்பத்தோடு பெருக்கும் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் தலித் சமூகத்துப் பெண்கள். பேப்பர், பால் போடுபவர்கள். ஏடிஎம் வாசல் காவலாளிகள். நடைபாதையில் தூங்குபவர்கள். லாரிகளுக்குப் பகலில் நகருக்குள் கட்டுப்பாடு என்பதால் அவை ஓடுவதும் இரவில்தான். பகல் நெரிசலுக்கு அது சரியான தீர்வு. காற்றைப் பொறுத்தவரை, டீசல் புகையை அது நாளின் மோசமான மணி நேரங்களுக்கு நகர்த்துகிறது.

பெருக்கும் பெண்ணுக்குச் சாலைப் புழுதி என்பது காற்றில் வரும் ஒன்று மட்டுமல்ல. அதைக் கிளப்புவதே அவருடைய வேலையாக இருக்கிறது.

மேம்பாலத்துக்கு மேலேயும் கீழேயும்

2025 ஜனவரி 6-ம் தேதி, ஆராம்கர் - ஜூ பார்க் மேம்பாலத்தை முதல்வர் ரேவந்த் ரெட்டி திறந்துவைத்தார். மன்மோகன் சிங் பெயர் வைக்கப்பட்ட இதன் நீளம் சுமார் 4 கி.மீ. 2009-ல் திறந்த 11.6 கி.மீ. பி.வி. நரசிம்மராவ் எக்ஸ்பிரஸ்வேக்கு அடுத்தபடியாக நகரின் நீளமான மேம்பாலம். பழைய நகரத்தின் தெற்கு விளிம்பில், அதிகம் அளவு காட்டும் நிலையங்களில் ஒன்றாகச் செய்திகளில் அடிக்கடி வரும் ஜூ பார்க் பக்கத்தில் இது வந்திருக்கிறது.

மேம்பாலம் காற்றுக்கு நல்லதா, கெட்டதா? நேர்மையான பதில்: இரண்டும். நின்று நின்று போகும் வண்டி, சீராக ஓடும் வண்டியைவிட அதிகம் புகை விடும். சிக்னலில் உறுமிக்கொண்டு நிற்பது குறைந்தால் புகை குறையும். மேலே போகும் வண்டிகளின் புகை உயரத்தில் வெளியாவதால் சற்றே சீக்கிரம் கலையும்.

கீழே நிலைமை வேறு. மேலே காங்கிரீட் கூரை, இரு பக்கமும் மூன்று நான்கு மாடிக் கடைகள். இப்படிப்பட்ட 'பள்ளத்தாக்கு' தெருக்களில் காற்று உள்ளேயே சுழலும், புகை வெளியேறத் தாமதமாகும். கீழே ஓடும் ஆட்டோ, பஸ், லாரிகளின் புகை கடைக்காரர், பஸ் ஸ்டாப்பில் நிற்பவர், சாலை கடக்கும் பள்ளிப் பிள்ளைகள் இவர்களோடுதான் தங்கும். பஸ் எப்போதும் கீழேதான் நிற்க வேண்டும். மேம்பாலத்தில் ஸ்டாப் கிடையாது. கோயம்பேடு பாலத்துக்குக் கீழே பத்து நிமிடம் பஸ்ஸுக்கு நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புதிய சாலை கொஞ்ச நாளில் புதிய வண்டிகளை ஈர்க்கும் என்பதும் போக்குவரத்து ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. எனவே பாலத்தின் பலனைத் திறப்பு விழாவுக்கு அடுத்த மாதம் அளந்தால் போதாது. இரண்டு மூன்று வருடம் கழித்து, மேலே ஒரு கருவி, கீழே ஒரு கருவி வைத்து அளக்க வேண்டும்.

நகர விளிம்பில் 28 கிராமங்கள் சொன்னது

இப்படி ஆளோடு கூடவே கருவியை அனுப்பி அளந்த பெரிய ஆய்வு ஒன்று ஹைதராபாத் விளிம்பிலேயே நடந்தது. பார்சிலோனாவின் ஐஎஸ்குளோபல் நிறுவனமும், ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உள்ளிட்ட இந்திய நிறுவனங்களும் சேர்ந்து நகருக்குத் தெற்கே உள்ள 28 கிராமங்களில் செய்த 'சாய்' திட்டம் அது. அதில் சுமார் 400 பேரிடம் உடலோடு சுமக்கும் கருவி கொடுத்தார்கள்.

அந்தக் கிராமங்களில் வெளிக்காற்றின் ஆண்டு சராசரி சுமார் 33 மைக்ரோகிராம். இந்திய ஆண்டு வரம்பான 40-க்குள் வருகிறது. ஆனால் ஆட்கள் உண்மையில் சுவாசித்தது ஆண்களுக்குச் சுமார் 55, பெண்களுக்குச் சுமார் 58. கருங்கரியிலும் பெண்களுக்கே அதிகம். வீட்டு வாசலில் உள்ள அளவை வைத்து ஆளின் அளவைக் கணிக்க முயன்றபோது பெரிதாகப் பொருந்தவில்லை. விறகடுப்பு, புகைபிடித்தல், வேலை செய்யும் இடம் என அன்றாட வாழ்க்கை முடிவு செய்தது அதிகம். அதே திட்டத்தில் 3,717 பேரை வைத்து 2020-ல் வெளியான இன்னொரு ஆய்வு, பிஎம் 2.5 அதிகமாக உள்ள இடங்களில் வசிப்பவர்களின் எலும்பில் தாதுச்சத்து குறைவாக இருந்ததைக் காட்டியது.

சாலைப் புகையைப் பற்றி மட்டும் பேசுபவர்களுக்கு இது ஒரு எச்சரிக்கை. விறகில் சமைக்கும் பெண்ணுக்கு அவருடைய அடுப்பே மெயின் ரோடு. ஆனால் ஆய்வின் இன்னொரு பாதி நகரத்துக்கு அப்படியே பொருந்தும்: நிலையத்தின் எண்ணுக்கும் ஆளின் மூச்சுக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பது. இதே முறையில் ஹைதராபாத்தின் ஆட்டோ ஓட்டுநர்கள், டெலிவரி ஊழியர்கள், தூய்மைப் பணியாளர்களில் சில நூறு பேரிடம் கருவி கொடுத்தால் ஒரே ஆண்டில் இந்த விவாதம் வேறு தளத்துக்குப் போய்விடும். கிக் தொழிலாளர்களுக்கான நல மசோதாவின் வரைவைத் தெலங்கானா அரசு 2025 ஏப்ரலில் வெளியிட்டது. பத்து மணி நேரம் சாலையில் இருப்பவர்களின் நுரையீரல் பரிசோதனையை இப்படிப்பட்ட ஒரு சட்டத்தோடு இணைப்பது கஷ்டமான காரியமில்லை.

பணம் எதற்குப் போகிறது?

2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் ஹைதராபாத்தும் ஒரு நகரம். இத்திட்டத்தில் நகரங்களின் முன்னேற்றம் பிஎம் 10-ஐ வைத்தே மதிப்பிடப்படுகிறது. மார்க் எதற்குக் கிடைக்குமோ அதைத்தானே படிப்பார்கள்? அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-ல் நாடு முழுவதற்குமான செலவை அலசியபோது, 64 சதவீதம் சாலைப் புழுதியை அடக்கவே போயிருந்தது. சாலை போடுவது, தண்ணீர் தெளிப்பது, பெருக்கும் இயந்திரங்கள். வாகனப் புகைக்குப் போனது சுமார் 13 சதவீதம்.

புழுதியைக் குறைப்பது வீண் செலவு என்று சொல்லவில்லை. துடைப்பத்துக்குப் பதில் நல்ல உறிஞ்சும் இயந்திரம் வந்தால் முதலில் பயன்பெறுவது அந்தத் தூய்மைப் பணியாளர்தான். ஆனால் நைட்ரஜன் டை ஆக்சைடும் கருங்கரியும் தண்ணீர் தெளித்தால் அடங்காது. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு இந்தியாவின் ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 10. சாலைக்கு அருகே அளக்காத வரை அந்த 40-கூட பிரச்சினையாகத் தெரியாது.

அமெரிக்கா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 2010-ல் நைட்ரஜன் டை ஆக்சைடு விதியைத் திருத்தியபோது, பெரிய நகரங்களில் நெரிசலான சாலையிலிருந்து 50 மீட்டருக்குள் ஒரு நிலையம் கட்டாயம் என்றது. கலிஃபோர்னியா அதற்கு முன்பே, 2003-ல், நெடுஞ்சாலையிலிருந்து 500 அடிக்குள் புதிய அரசுப் பள்ளி கட்டக் கட்டுப்பாடு போட்டது. லண்டனில் சவுத் சர்குலர் சாலையிலிருந்து 30 மீட்டருக்குள் வசித்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013-ல் ஆஸ்துமாவால் இறந்தார். அந்த மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்புக்கு, அவர் வீட்டுக்குச் சுமார் ஒரு மைல் தூரத்தில் அளவீட்டு நிலையம் இருந்தது பெரிதும் உதவியது. தாய் போராடினார், கையில் டேட்டாவும் இருந்தது. பஹதூர்புராவிலோ அமீர்பேட்டிலோ ஒரு தாய் இதே கேள்வியைக் கேட்டால் அவர் கையில் என்ன இருக்கும்?

பஸ் எங்கே ஓடும் என்பது பெரிய கேள்வி

தெலங்கானா 2024 நவம்பரில் அறிவித்த கொள்கைப்படி எலெக்ட்ரிக் வண்டிகளுக்குச் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் 2026 டிசம்பர் 31 வரை முழு விலக்கு. புது கார் வாங்கக்கூடியவருக்கு நல்ல சலுகை. சாலையோரக் காற்றில் அதன் பலன் மெதுவாகத்தான் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடும் காரைவிட, நாள் முழுக்க அதே சாலையில் ஓடும் பழைய டீசல் பஸ்ஸையும் ஆட்டோவையும் மாற்றுவது சாலையோரத்தில் நிற்பவருக்குப் பல மடங்கு பயன் தரும்.

அந்த வகையில் முக்கியமான அறிவிப்பு 2025 மே மாதம் வந்தது. மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் ஹைதராபாத்துக்கு 2,000 எலெக்ட்ரிக் பஸ்கள் ஒதுக்கப்பட்டன. 2023 டிசம்பர் 9 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கொடுக்கும் நகரம் இது. பஸ்ஸில் ஏறுபவர்களும் பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பவர்களும் யார் என்று அதிலிருந்தே ஊகிக்கலாம்.

2,000 பஸ் ஒரே நாளில் வராது, டிப்போ டிப்போவாகத்தான் வரும். சார்ஜ் போட இடமும் மின் இணைப்பும் எங்கே சுலபமோ அங்கே முதலில் போக வாய்ப்பு அதிகம். அது பெரும்பாலும் நகரின் புதிய, விசாலமான மேற்குப் பக்கமாக இருக்கும். குறுகிய தெருக்களும் அடர்ந்த நடைபாதைக் கடைகளும் உள்ள அஃப்சல்கஞ்ச், சார்மினார், செகந்திராபாத், தில்சுக்நகர் தடங்களுக்கு முதல் தொகுதியில் எத்தனை பஸ் போகிறது என்ற பட்டியலை ஆர்டிசி வெளியிடும்போது, எண்ணிக்கையைவிட அந்தத் தட எண்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.